கீழக்கரைல 1966 மஸ்டாங் கூப்பே: மூணு வருஷ ரிப்பேர், செலவு, உப்புக்காத்து

வாங்கி மூணு வருஷம் ஆச்சு. ஃபோர்டு மஸ்டாங், 1966 மாடல், ரெண்டு கதவு கூப்பே, 200 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர் இன்ஜின், சி4 ஆட்டோமேட்டிக் கியர், ஸ்டீரிங் இடது பக்கம். அந்தக் காலத்துல வெளிநாட்டுத் தூதரக ஆளுங்க ஊருக்குத் திரும்புறப்ப விட்டுட்டுப் போற வண்டிய ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் ஏலம் விடும்ல, அப்படி வந்த வண்டினு சொல்லித்தான் சென்னைல ஒரு குடும்பத்துக்கிட்ட இருந்து வாப்பா வாங்குனாக. பழைய மெட்ராஸ் நம்பர்லயே ஓடுது. இப்ப புதுசா விண்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் போடுறவங்களுக்கு 2021ல வந்த விதி வேற, 50 வருஷம் தாண்டுன வண்டியா இருக்கணும், விஏ சீரிஸ் நம்பர், 20,000 ரூபா ஃபீஸ், 10 வருஷத்துக்கு செல்லும், ஆனா தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குனு போய் வரத்தான் அனுமதி. வாங்குறதுக்கு முன்னாடி இத தெரிஞ்சு வச்சுக்கங்க.

நம்ம கடற்கரைப் பக்கம், தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும், இந்த மாதிரி வண்டி வாங்க நெனைக்கிற நாலு பேராவது என்கிட்ட போன்ல கேட்டுட்டாங்க. எல்லாரும் கேக்குறது இன்ஜின் எப்படி, ஸ்பேர் கிடைக்குமா, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்னுதான். தகரத்த பத்தி ஒருத்தர் கூட கேக்கல. அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன். இன்ஜின் பிரச்சனை எல்லாமே சரி பண்ணக்கூடிய பிரச்சனை, செலவும் தாங்கக்கூடியதுதான். இந்த வண்டிய கொல்றது துரு. அதுவும் கண்ணுக்குத் தெரியாத எடத்துல.

மொதல்ல அந்த எடத்தையே சொல்லிர்றேன். முன் கண்ணாடிக்கு கீழ, பானட் முடியுற எடத்துல, காத்து உள்ள போக வரிசையா கோடு கோடா ஓட்டை இருக்கும். அதுக்குக் கீழ ஒரு பெட்டி மாதிரி தகரம், அமெரிக்காக்காரங்க அத கவுல்னு சொல்றாங்க. மழைத்தண்ணி அந்த ஓட்டை வழியா உள்ள எறங்கி, ரெண்டு ஓரத்துலயும் வழிஞ்சு வெளிய போகணும், ஃபோர்டு பண்ணுன டிசைன் அதுதான். ஆனா பெட்டிக்குள்ள காத்து வர்ற துளையச் சுத்தி தொப்பி மாதிரி தகரத்த எழுப்பி விட்டுருப்பாங்க, அந்தத் தொப்பி அடில துருப்பிடிச்சா தண்ணி நேரா நம்ம கால் மேலதான் ஊத்தும். வேப்பல, கருவேலம் பூ, தூசி எல்லாம் உள்ள விழுந்து ஈரத்தோட மக்கிக் கெடக்கும், கை விட்டு எடுக்கவும் முடியாது. அமெரிக்காவுல உப்பே இல்லாத ஊர்லயே இது பெரிய பிரச்சனை, நம்ம ஊர்ல கேக்கவே வேணாம். பாம்பன் பாலத்த பத்தி பேசுறப்பல்லாம் மியாமிக்கு அடுத்து இரும்ப அதிகமா அரிக்கிற கடல் இதுதான்னு சொல்லுவாங்கல்ல, 1914ல தொறந்த ரயில் பாலத்துல 2022 டிசம்பர்ல ரயில நிப்பாட்டி 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் தொறந்தாங்க. அவ்வளவு கனமான இரும்புக்கே அந்த நெலமைனா வண்டித் தகரம் எம்மாத்திரம்.

நாங்க வாங்குனப்ப உள்ள புது கார்ப்பெட் போட்டுருந்துச்சு, பாக்க அவ்வளவு அழகு. மொத ஐப்பசி மழைல டிரைவர் சைடு கார்ப்பெட் சொதசொதனு ஆயிருச்சு. தூக்கிப் பாத்தா அடில தகரத்துக்கு பதிலா பழைய பட்டியும் தார்ஷீட்டும்தான். ஸ்க்ரூ டிரைவர வச்சு லேசா அழுத்துனேன், ரோடு தெரிஞ்சுச்சு. வாப்பா பக்கத்துல நின்னு பாத்துட்டு ஒண்ணுமே பேசல, அப்படியே வீட்டுக்குள்ள போய்ட்டாக. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

டிங்கர் வேலைக்கு ராம்நாட்டுல ரெண்டு மூணு எடத்துல கேட்டோம். மேல பட்டி பாத்து பெயின்ட் அடிச்சா போதும் தம்பினுதான் சொன்னாங்க. கடைசில மண்டபத்துல போட்டுக்கு வெல்டிங் அடிக்கிற ஒரு அண்ணன்தான் சரியா சொன்னாக. “தம்பி, போட்டுல ஓட்டை விழுந்தா மேல பூசுவமா, அழுகுன தகடு பூராத்தையும் வெட்டி எறிஞ்சுட்டு நல்ல இரும்பு தெரியுற வரைக்கும் போயில்ல வைப்போம், இதுக்கும் அதான்.” அவுக பேச்சு எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. கவுல் மேல்தகட்ட கழட்டணும்னா ஃபேக்டரில வச்ச ஸ்பாட் வெல்டு ஒவ்வொண்ணா ட்ரில் போட்டு எடுக்கணும், நூத்துக்கு மேல இருக்கும். நாலு நாள் அதுக்கே போச்சு. உள்ள ரெண்டு பக்கத் தொப்பியும் காகிதம் மாதிரி இருந்துச்சு. கவுல் பேட்ச், ரெண்டு பக்க ஃப்ளோர், முன்பக்க டார்க் பாக்ஸ் (ஃப்ளோருக்கு பலம் குடுக்குற பெட்டித் தகரம்) எல்லாம் அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வர வச்சது கூலி, டியூட்டி சேத்து 38,000. டிங்கரிங், வெல்டிங், ரெட் ஆக்சைடு, அடில கோட்டிங்னு கூலி 55,000. ஆக மொத்தம் 93,000, ரெண்டரை மாசம்.

ஒரு விஷயம், இந்த வண்டிக்கு தனி சேஸ் கெடையாது, பாட்டமும் பாடியும் ஒண்ணுதான். ஃப்ளோர் போச்சுனா அழகு மட்டும் போறதில்ல, வண்டியோட பலமே போகுது. அம்பாசிடர் பாத்தவங்களுக்கு இது சொன்னா புரியும்.

ஸ்பேர பத்தி பயப்பட வேணாம். 1966 மாடல் மட்டுமே 6 லட்சத்துக்கு மேல வித்துருக்கு, அதனால இன்னைக்கும் அமெரிக்காவுல சின்ன கிளிப்புல இருந்து முழு பாடி வரைக்கும் புதுசா அடிச்சு விக்கிறாங்க. சாமான் வெல பல நேரம் கம்மிதான், அனுப்புற கூலியும் டியூட்டியும்தான் ஏத்தி விட்ருது. சின்ன சாமான் எல்லாம் துபாய்ல இருக்குற மச்சான் ஊருக்கு வர்றப்ப பெட்டில கொண்டு வந்துருவாரு, கீழக்கரைல எந்த வீட்டுலயும் இதுக்கு ஆள் இருக்கும். ஸ்பேனர் எல்லாம் இன்ச் கணக்கு, அரை இன்ச், ஒன்பதுக்குப் பதினாறு அந்த மாதிரி. பத்து, பன்னெண்டு நம்பர் ஸ்பேனர போட்டா போல்ட் தலை உருண்டு போயிரும். பழைய அம்பாசிடர் மெக்கானிக் யார்கிட்டயாவது போங்க, அவுக பெட்டில அந்த இன்ச் செட்டு அப்படியே இருக்கும்.

இனி இன்ஜின். இதுல ரெண்டு கதை சொல்லணும்.

வாங்குனப்பவே புல்லிங் இல்ல. மேடு ஏறுனா இழுக்க மாட்டேங்குது, ஆக்சிலேட்டர மிதிச்சா ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி நிக்கும். பழைய ஓனர்கிட்ட இருந்தப்ப யாரோ ஒரிஜினல் ஆட்டோலைட் 1100 கார்புரேட்டர கழட்டிட்டு ஜீப்புக்குப் போடுற கார்புரேட்டர மாட்டி விட்டுருந்தாங்க. பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இந்த ஆறு சிலிண்டர்ல வர்ற டெல்கோ, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரம் பாத்து ஸ்பார்க்க பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர், மத்த வண்டி மாதிரி கெடையாது. உள்ள சுத்துறப்ப விரியிற வெயிட்டே இல்ல, கார்புரேட்டர்ல இருந்து வர்ற வேக்குவம்ல (உறிஞ்சுற இழுப்புல) மட்டும்தான் அட்வான்ஸ் ஆகும், அதாவது ஸ்பார்க் நேரம் முன்னாடி தள்ளும், லோட் ஓ மேட்டிக்னு பேரு. அதுக்கு தக்கன ஒரு வால்வு ஆட்டோலைட் கார்புரேட்டர்லயே இருக்கும். அந்த ரெண்டும் புருஷன் பொண்டாட்டி மாதிரி, ஒண்ண மாத்துனா இன்னொண்ணு வேல செய்யாது. கார்புரேட்டர மாத்துறதா இருந்தா டெல்கோவையும் சேத்து மாத்தணும். இது தெரியாம ஆறு மாசம் டைமிங்க முன்ன பின்ன திருப்பித் திருப்பி பாத்தோம், டெல்கோக்குள்ள இருக்குற பிளாட்டினம் பாயிண்ட்ட ரெண்டு தடவ மாத்துனோம், அதோட கேப் 0.025 இன்ச் கரெக்டா வச்சும் பிரயோஜனம் இல்ல. கடைசில ரீபில்டு பண்ணுன ஒரிஜினல் கார்புரேட்டரே வர வச்சேன், 24,000 ஆச்சு. மாட்டுன அன்னைக்கு ராம்நாடு ரோட்டுல ஏத்துனப்ப வாப்பா மொகத்த பாக்கணுமே. அந்தப் பணம் எனக்கு வலிக்கவே இல்ல.

ரெண்டாவது கதை புகை. போன வருஷம் திடீர்னு சைலன்சர்ல வெள்ளைப் புகை மண்டுச்சு, கியர் லேட்டா விழுகுது, விழுறப்ப டக்குனு ஒரு இடி. கியர் ஆயில் கொறையுது, ஆனா தரைல ஒரு சொட்டு கூட இல்ல. மதுரைல ஒரு ஒர்க்ஷாப்புல ரிங் போயிருச்சு, இன்ஜின் இறக்கணும், கியர்பாக்ஸையும் பாத்துரலாம்னு 1 லட்சத்து 40 ஆயிரம் எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாங்க. அட்வான்ஸ் குடுக்க கை பாக்கெட்டுக்குப் போயிருச்சு. எதுக்கும் ஒருக்கா பாப்போம்னு சி4 கியர்பாக்ஸோட மேனுவல படிச்சப்பதான் மாடுலேட்டர்னு ஒண்ணு இருக்குறதே தெரிஞ்சது. கியர்பாக்ஸ் பின்பக்கத்துல வெளிய மாட்டிருக்குற சின்ன டப்பா அது, இன்ஜின்ல இருந்து ஒரு வேக்குவம் ட்யூப் அதுக்குப் போகும், உள்ள ஒரு ரப்பர் திரை. அந்தத் திரை கிழிஞ்சா இன்ஜின் கியர் ஆயில ஸ்ட்ரா போட்டு குடிக்கிற மாதிரி உறிஞ்சி எரிச்சுரும், அதுதான் அந்த வெள்ளைப் புகை. டெஸ்ட் ரொம்ப ஈஸி, அந்த ட்யூப உருவிப் பாருங்க, உள்ள செவப்பு ஆயில் இருந்தா திரை கிழிஞ்சிருச்சு. எங்க வண்டில விரல்ல ஒட்டுற அளவு இருந்துச்சு. டப்பாவும், இந்த கியர்பாக்ஸுக்கு ஊத்துற டைப் எஃப் ஆயிலும் சேத்து 5,800 ரூபா. கியர்பாக்ஸ இறக்கவே இல்ல, ஒரு மத்தியானத்துல முடிஞ்சது. யாராவது இந்த வண்டிக்கு இன்ஜின் இறக்கச் சொன்னா மொதல்ல அந்த ட்யூப உருவுங்க, தயவு செஞ்சு.

சூடு ஆகுற பிரச்சனை நம்ம ஊர் தண்ணியால வந்தது. எங்க ஏரியா போர் தண்ணி உப்புனு எல்லாருக்கும் தெரியும், ஆனா வழில சூடாகி நின்னா கைல கெடைக்கிற தண்ணிய ரேடியேட்டர்ல ஊத்திர்றோம்ல, அங்கதான் தப்பு. ரேடியேட்டர பிரிச்சப்ப உள்ள குழாய் பூராம் வெள்ளையா உப்புக்கட்டி அடச்சிருந்துச்சு, வாட்டர் பம்ப் இறக்கையும் அரிச்சுப் போச்சு. செம்புல புது கோர் போட்டு 11,500, பம்ப் 8,000. இப்ப டிக்கில எப்பவும் கூலன்ட் கலந்த அஞ்சு லிட்டர் கேன் கெடக்கு. தெர்மோஸ்டாட்ட கழட்டி எறிஞ்சிருங்க, நம்ம வெயிலுக்கு வேணாம்னு நெறைய பேர் சொல்லுவாங்க, கேக்காதீங்க, அது இருக்குற எடத்துல இருக்கட்டும்.

பெட்ரோல் விஷயம். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துது, நம்ம நாட்டுல அது 2000 பிப்ரவரில நின்னு போச்சு. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட்ட தேயாம பாத்துக்கிட்டு இருந்துச்சு. எங்க வண்டி இன்ஜினோட மேல்பாகத்த, ஹெட்ட, கழட்டுனப்ப ரெண்டு வால்வு நல்லா உள்ள எறங்கிருந்துச்சு. லேத்துல கடினமான சீட்டு அடிச்சு, கைடு, கேஸ்கெட் எல்லாம் சேத்து 29,000. இப்ப பங்க்ல வர்றது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் பழைய ரப்பர ஊற வச்சு நைய வச்சிரும், ஈரத்தையும் இழுத்துக்கும். ஹோஸ் பூராம் எத்தனாலுக்கு தாங்குற ரகமா மாத்திருங்க, பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும்தான். டேங்க் எங்களுது உள்ள துரு. இந்த வண்டில டேங்கோட மேல்பக்கம்தான் டிக்கியோட தரையே, சாமான் அதுக்கு மேலதான் வைக்கிறோம், அதனால டேங்க் சுத்தி இருக்குற சீல் விட்டா மழைத்தண்ணி டிக்கிக்குள்ள வந்துரும். புது டேங்க், ஹோஸ், பம்ப் எல்லாம் 21,000.

பிரேக்க மட்டும் தள்ளிப் போடாதீங்க. 66 வரைக்கும் மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஆயில வீலுக்குத் தள்ளுறது) ஒத்த அறைதான், நாலு வீலுக்கும் ஒரே லைன். ஒரு வீல் சிலிண்டர் லீக் ஆனாலும் நாலும் போச்சு, பெடல் அப்படியே பலகைல போய் முட்டும். 67 மாடல்ல இருந்துதான் ஃபோர்டு ரெட்டை அறை குடுத்தான். ஆறு சிலிண்டர் வண்டிக்கு 9 இன்ச் டிரம்தான், வி8க்கு 10 இன்ச், அதனால கூடுதல் கவனம். ரெட்டை அறை மாஸ்டர், நாலு வீல் சிலிண்டர், ஹோஸ், புது பைப் எல்லாம் 31,000. வாங்குன மொத மாசமே இத பண்ணுனது நல்லதா போச்சு.

முன் சஸ்பென்ஷன்ல காயில் ஸ்ப்ரிங் மேல் ஆர்ம் மேல ஒக்காந்திருக்கும், முழு பாரமும் பானட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் எழும்பி நிக்கிற டவர்ல எறங்கும். ஸ்பீடு பிரேக்கர் ஏறி எறங்குனா பழைய கட்டில் மாதிரி கீச்சு கீச்சுனு சத்தம் வரும், மேல் ஆர்ம் புஷ் காஞ்சு போச்சுனு அர்த்தம், அங்க கிரீஸ் கன் நுழைய எடமே இருக்காது. சத்தத்த விட முக்கியம், டவர்ல வெடிப்பு இருக்கானு டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்களுதுல இல்ல, அல்ஹம்துலில்லாஹ். ஆர்ம், புஷ், ஷாக் எல்லாம் 34,000.

கரண்ட் வேலைல பாதி எர்த் பிரச்சனைதான், உப்புக்காத்து ஒவ்வொரு எர்த் போல்ட்டுலயும் பச்சை பூத்துரும். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்துல சேந்து தப்பா காமிச்சா ரெண்டு மீட்டரையும் மாத்தப் போகாதீங்க, மீட்டர் பின்னாடி ரெண்டுக்கும் கரண்ட கொறச்சுக் குடுக்குற சின்ன ரெகுலேட்டர் ஒண்ணு இருக்கு, போனது அதுவாத்தான் இருக்கும். இந்த வேலை எல்லாம் சேந்து 16,000.

எல்லாம் கூட்டிப் பாத்தா மூணு வருஷத்துல 2 லட்சத்து 73 ஆயிரம். அதுல 93,000 வெறும் தகரத்துக்கு. டேங்கையும் துரு கணக்குல சேத்தா இன்னும் ஏறும். வழக்கமான ஆயில், டயர் இதுல சேக்கல. லிட்டருக்கு 7 கிலோமீட்டர் குடுக்குது, ஏசி கெடையாது, சித்திரைல மத்தியானம் வெளிய எடுக்குறதே இல்ல. ஓவர்டேக் பண்றப்ப இடது பக்கம் ஒக்காந்து இருக்குறதால எதுக்க வர்றது தெரியாது, பக்கத்துல ஒக்காந்து இருக்குறவங்க பாத்து சொல்லணும். ஈசிஆர்ல என் தம்பி இல்லாம நான் லாரிய முந்துறதே கெடையாது.

ஆனா அந்த வண்டிய ஓட்டுற சுகம் வேற. சாயங்காலம் சேதுக்கரை வரைக்கும் மெல்ல 50ல போனா, அந்த ஆறு சிலிண்டர் சத்தம் இருக்கே, தையல் மெஷின் மாதிரி, பேசிக்கிட்டே போகலாம். நீளமான பானட்டு, சின்ன டிக்கி, பின்னாடி மூணு மூணு பட்டை லைட்டு, ரோட்டுல போற பெரியவங்க கூட நின்னு கை காட்டுவாக. மொத மஸ்டாங் வெளிய வந்தது 1964 ஏப்ரல்ல, அதே வருஷம் டிசம்பர்லதான் தனுஷ்கோடி புயல்ல அழிஞ்சது. எங்க பெரியவாப்பா அந்த ராத்திரிய பத்தி சொன்னதெல்லாம் கேட்டு வளந்தவன் நான். அரிச்சல்முனைக்கு இந்த வண்டில ஒரு தடவ போனேன், அதோட சரி. ரெண்டு பக்கமும் கடல், காத்துல தெறிக்கிற உப்பு பானட் மேல வெள்ளையா படிஞ்சிருச்சு. திரும்பி வந்து போர் தண்ணில கழுவுனா அதுவும் உப்புதான, காசு குடுத்து வாங்குன நல்ல தண்ணி ரெண்டு குடம் ஊத்தி துணியால தொடச்சு எடுத்தேன். இப்ப ஒவ்வொரு மழைக்கு முன்னாடியும் கதவுக்குள்ள, ஃப்ளோர் அடில, புது கவுலுக்குள்ள எல்லாம் மெழுகு ஸ்ப்ரே அடிக்கிறோம், வருஷத்துக்கு 4,000 ஆகும். மண்டபம் அண்ணன், அந்தக் காலத்துல வள்ளத்துக்கு மீன் எண்ணெய் தடவுன மாதிரிதான் தம்பி இதுவும்னு சொன்னாக.

வாங்கப் போறவங்க பாக்குறப்ப ஒரு வேல செய்யுங்க. இன்ஜின அப்புறம் ஸ்டார்ட் பண்ணிக்கலாம். ஓனர்கிட்ட ஒரு குடம் தண்ணி கேளுங்க, முன் கண்ணாடிக்குக் கீழ இருக்குற அந்த ஓட்டைல மெல்ல ஊத்துங்க. கூட வந்தவங்கள டேஷ்போர்டுக்கு அடில தலைய விட்டு டார்ச் அடிச்சுப் பாக்கச் சொல்லுங்க, கார்ப்பெட்ட தூக்கிட்டு, ரெண்டு பக்கமும். ஒரு சொட்டு விழுந்தாலும் வெலைல 90,000 கொறச்சுக் கேளுங்க. தண்ணி ஊத்த விட மாட்டேன்னு சொன்னா வண்டிய வச்சுக்கங்கனு சொல்லிட்டு வந்துருங்க.